கெட்ட பெண்ணைத் தேடி அலையாதீர்கள்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டக் குறும்படக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

பாடாலூர், வேப்பந்தட்டை, செந்துறை, ஜெயங்கொண்டம் என்று ஆளுக்கொரு மூலையில் இருந்துகொண்டு, கடன் வாங்கிய கேமராவும் சம்பளம் கேட்காத நண்பர்களுமாகப் படம் எடுக்கிறீர்கள். விடாமல் பார்க்கிறேன். வசனம் குறைந்திருக்கிறது, ஒலி தேறியிருக்கிறது, சிமென்ட் லாரி போகும் சாலையை இவ்வளவு அழகாக யாரும் காட்டியதில்லை. ஆனால் உங்கள் க்ரைம் படங்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தால் எல்லாம் ஒரே கதையாக இருக்கிறது. புருஷன் துபாயில், அல்லது லாரியில். மனைவிக்கு இன்னொருவன். புருஷன் ஊர் திரும்புகிறான். இரவு, பால் டம்ளர், நெருக்கமாக அவள் கண். விடிந்தால் போலீஸ் ஜீப். அந்த மனைவிக்கு ஏன் எப்போதும் சிவப்பு நகப்பூச்சு என்று மட்டும் எனக்கு விளங்கவில்லை.

இந்தக் கதையின் பாதி செய்தித்தாளில் இருந்து வந்தது. மறுபாதி ஹாலிவுட்டின் நுவார் என்னும் இருண்ட குற்றப் படங்களிலிருந்து நேராகவோ, நாலு கை மாறியோ வந்தது. கேட்டால் உங்களில் பலர் ‘டபுள் இன்டெம்னிட்டி’ என்பீர்கள். நல்ல படம்தான், குறை சொல்லவில்லை. 1944இல் பில்லி வைல்டர் எடுத்தது. ஜேம்ஸ் எம். கெய்ன் எழுதிய கதைக்கு வைல்டரும் ரேமண்ட் சாண்ட்லரும் சேர்ந்து திரைக்கதை எழுதினார்கள். கார் இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்கப் போகும் முகவர் ஒருவன், வீட்டுக்காரர் இல்லாத நேரத்தில் மாடிப்படி இறங்கி வரும் மனைவியின் காலில் கிடக்கும் சங்கிலியைப் பார்க்கிறான். அங்கேயே அவன் கதை முடிந்துவிட்டது. இருவருமாகக் கணவன் பெயரில் விபத்துப் பாலிசி எடுக்கிறார்கள். கார் காகிதம் என்று நினைத்து அவரும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். ரயிலில் இருந்து விழுந்து செத்தால் பாலிசித் தொகை இரட்டிப்பு. அதனால் கொன்ற உடலைத் தண்டவாளத்தில் கிடத்துகிறார்கள்.

இந்தக் கதை எதிலிருந்து முளைத்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1927இல் நியூயார்க்கில் ரூத் ஸ்னைடர் என்ற பெண், ஜட் கிரே என்பவனோடு சேர்ந்து கணவனைக் கொன்றாள். அங்கேயும் கணவனுக்கே சரியாகத் தெரியாத ஒரு பாலிசி இருந்தது. 1928 ஜனவரியில் அவளை மின்சார நாற்காலியில் உட்கார வைத்தபோது, பத்திரிகைக்காரர் ஒருவர் கணுக்காலில் கேமராவைக் கட்டி ஒளித்து எடுத்துப்போய், சாகும் நொடியைப் படம் பிடித்தார். மறுநாள் முதல் பக்கம் முழுக்க அந்தப் படம். மனைவியைக் கொன்ற கணவன்மார் அந்த ஊரில் இல்லாமலா இருந்தார்கள்? அவர்களுக்காக யாரும் காலில் கேமரா கட்டிக்கொண்டு போகவில்லை. அபூர்வமாக நடப்பதுதான் விற்கும். விற்பதையே திரும்பத் திரும்பக் காட்டினால், அதுதான் வழக்கம் என்று ஊர் நம்பத் தொடங்கிவிடும்.

நம் நாட்டுக் கணக்கு வேறு விதம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2022இல் மட்டும் வரதட்சணை மரணம் என்று பதிவானவை 6,450. பதிவானவை மட்டும். கல்யாணம், பேராசை, கொலை மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் கதை உங்களுக்கு வேண்டுமென்றால், நகப்பூச்சு இல்லாத அந்தப் பக்கம்தான் கதை குவிந்து கிடக்கிறது.

“அங்கே நுவார் எங்கே சார் இருக்கிறது, அது சமூகப் படம் ஆகிவிடுமே” என்பீர்கள். அதற்குத்தான் உங்களை 1954க்குக் கூட்டிப்போகப் பார்க்கிறேன்.

‘அந்த நாள்’. ஏவி.எம். தயாரிப்பு. இயக்கிய எஸ். பாலச்சந்தருக்கு அப்போது வயது 27. பின்னாளில் வீணை பாலச்சந்தர் என்று உலகம் கொண்டாடிய அதே மனிதர்தான், பாட்டு இல்லாத தமிழ்ப் படத்தையும் எடுத்தார். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. கதாநாயகன் சிவாஜி கணேசன் படம் தொடங்கிய வேகத்தில் குண்டடி பட்டுச் செத்து விழுகிறார். சிவாஜியைப் பார்க்க டிக்கெட் எடுத்து வந்தவர்களின் முகத்தை நினைத்துப் பாருங்கள். வெளிவந்தபோது வசூல் சொல்லிக்கொள்ளும்படி இல்லாததில் வியப்பில்லை. இன்றைக்கு நீங்கள் எடுக்கும் எதையும்விட அது துணிச்சலான தொடக்கம்.

கதை நடப்பது 1943 அக்டோபரில், சென்னையில் ஜப்பானிய விமானம் குண்டு போட்டுவிட்டுப் போனதற்கு மறுநாள். செத்தவன் ராஜன், ரேடியோ இன்ஜினியர். யார் சுட்டது? அண்டைவீட்டுக்காரர், பங்கு கேட்கும் தம்பி, தம்பி மனைவி, ராஜனோடு தொடர்பு வைத்திருந்த பெண், ராஜனின் மனைவி உஷா என்று ஒவ்வொருவராக விசாரிக்கிறார் சி.ஐ.டி. அதிகாரி. கதையை எழுதிய ஜாவர் சீதாராமனே அந்த அதிகாரியாக நடித்திருக்கிறார். ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கைகாட்ட, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு ராஜன் வருகிறான். இதற்கு முன்மாதிரியாக ‘ரஷோமோன்’ படத்தைச் சொல்வார்கள். நான் பார்ப்பது வேறொன்றை. சந்தேகத்துக்கான காரணமாக வருவதெல்லாம் எந்தக் கூட்டுக் குடும்பத்திலும் கூடத்தில் உட்கார்ந்து பேசுகிற சமாச்சாரம்: சொத்து, பங்கு, காசு, வைப்பு. மாருதி ராவின் கேமரா அந்த நடுத்தர வீட்டை நிழலும் கோணமுமாகக் காட்டும்போது, இந்த வீட்டில் யார் வேண்டுமானாலும் கொலை செய்திருக்கலாம் என்று நமக்கே தோன்றிவிடுகிறது.

சுட்டது உஷா. பண்டரிபாய் நடித்திருக்கிறார். கணவனைச் சுட்ட மனைவிதான், ஆனால் ‘டபுள் இன்டெம்னிட்டி’யில் வரும் மனைவி ஃபிலிஸ் டீட்ரிக்சன் இல்லை. பேராசை முழுக்கக் கணவன் பக்கம் இருக்கிறது. அந்தப் பேராசைகூட வெறும் பணத்தாசை இல்லை. தன் திறமையை இந்த நாடு மதிக்கவில்லை என்ற கோபத்தில் எதிரிக்கு ரகசியங்களை விற்கத் தொடங்கியவன் ராஜன். கெட்டிக்காரன், படித்தவன், பார்க்க லட்சணமானவன். மனைவிக்கு அவனைப் பிடித்தும் இருக்கிறது. பிடித்தவனை என்ன செய்வது என்ற கேள்வி துப்பாக்கிக்கு முன்னால் வந்து நிற்கும்போது படம் உச்சத்துக்குப் போகிறது. கடைசிப் பகுதியில் தேசபக்தி வசனம் கொஞ்சம் கூடுதல், வைப்பாக வரும் பெண்ணைப் படம் அவசரமாகக் கடந்துவிடுகிறது, இரண்டும் உண்மை. ஆனாலும் மனைவி கையில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு அவளை மாயக்காரி ஆக்காமல் விட்டார்களே, அந்த நிதானத்தைப் படியுங்கள். எழுபது வருடம் கழித்து நாம் அதைவிடப் பின்தங்கிப் போகலாமா?

இதற்கும் நான்கு வருடம் முன்னால், 1950இல், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் இருந்து ‘மந்திரி குமாரி’ வந்தது. மு. கருணாநிதி வசனம். ராஜகுருவின் மகன் பார்த்திபன் ரகசியமாகக் கொள்ளைக்காரன். அவனை மணந்தவள் மந்திரியின் மகள் அமுதவல்லி. மனைவியை மலையுச்சிக்கு அழைத்துப்போய்த் தள்ளிவிட நினைக்கிறான். போகிற வழியில் அவர்கள் பாடும் பாட்டு உங்கள் தாத்தா பாட்டிக்கெல்லாம் மனப்பாடம். அன்பாகப் பாடிக்கொண்டே கொலைக்களத்துக்கு ஏறுகிறார்கள்; கேட்பவர்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. இதைவிட நுவாரான பாடல் காட்சி தமிழில் இருந்தால் சொல்லுங்கள். உச்சியில் விஷயம் தெரிந்ததும், சாவதற்கு முன் உங்களை வலம் வர வேண்டும் என்று கேட்டு, பின்னால் போய் அவனைத் தள்ளிவிடுகிறாள்.

அது ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியின் கதை. நாதகுத்தனார் பாடிய அந்தக் காப்பியத்தில் நமக்கு மிஞ்சியது சில பாடல்கள்தாம். கதையை மற்ற நூல்களும் உரைகளும் காப்பாற்றித் தந்தன. மரண தண்டனைக்குப் போகும் கள்வனைப் பார்த்து ஆசைப்பட்டு, அப்பாவின் செல்வத்தால் மீட்டுக் கல்யாணம் செய்துகொள்கிறாள் வணிகர் மகள். பாலி மரபில் அவன் அவளை மலைக்குக் கூட்டிப்போவது நகைக்காக. தமிழ் மரபில், ஊடலில் அவள் விளையாட்டாக அவனைக் கள்வன் என்று சொன்னது சுட்டதால். இரண்டில் எது பயங்கரம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நகைக்குக் கொல்பவனிடம் நகையைக் கழற்றிக் கொடுத்துத் தப்பிக்கலாம்.

ஊருக்குள்ளேயே வருகிறேன். பெரம்பலூரில் இருந்து திருச்சி போகும் வழியில் சிறுவாச்சூர் மதுரகாளியை நீங்கள் எல்லாரும் கும்பிட்டிருப்பீர்கள். மதுரையை எரித்த கண்ணகிதான் இங்கே வந்து சினம் தணிந்து அமர்ந்தாள் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். பழி விழுந்தது கோவலன் மேல். விசாரிக்காமல் தலையை வாங்கியவன் மன்னன். ஹாலிவுட் ஒரு கால்சங்கிலியை வைத்துப் பெண்ணைக் குற்றவாளி ஆக்கியது. நம்மிடம் இருக்கும் கதையில், ஒரு பெண் காலில் கிடந்ததைக் கையில் எடுத்துவந்து அரசனைக் குற்றவாளி ஆக்கினாள். குலதெய்வமாக இப்படி ஒருத்தியை வைத்துக்கொண்டு, பால் டம்ளரில் கேமராவை வைப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

சரி, குறும்படத்துக்கு என்ன செய்வது? இரண்டு யோசனை வைத்திருக்கிறேன். இனாம்தான், எடுத்துக்கொள்ளுங்கள்.

‘டபுள் இன்டெம்னிட்டி’யில் எனக்குப் பிடித்த ஆள் கொலைகாரனும் இல்லை, அந்தப் பெண்ணும் இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் சரிபார்க்கும் கீஸ். குட்டையான, சுருட்டு பிடிக்கும் மனிதர். இது தற்கொலை என்று முதலாளி அடித்துச் சொல்லும்போது, எந்தெந்த வகையில் எத்தனை பேர் தற்கொலை செய்துகொள்கிறார்கள் என்ற அட்டவணையை மூச்சுவிடாமல் ஒப்பித்து, அதில் ஓடும் ரயிலின் பின்முனையில் இருந்து குதித்தவர் ஒருவர்கூட இல்லை என்று முடிப்பார். நம்மிடமும் ஒரு கீஸ் உண்டு. கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் ஒரு பெண் இறந்தால் ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்டாட்சியர், விசாரணை. உங்களுக்கு அருகிலேயே பெரம்பலூர், அரியலூர், உடையார்பாளையம் என்று மூன்று கோட்டாட்சியர் அலுவலகங்கள் இருக்கின்றன. பட்டா, சாதிச் சான்றிதழ் மனுக்களுக்கு நடுவே, ஒரு மஞ்சள் கோப்பில் செத்துப்போன பெண்ணின் கதை மேசைக்கு வரும். துப்பாக்கி கிடையாது, தொப்பி கிடையாது; கையில் பேனா, எதிரே அழுதுகொண்டிருக்கும் இரண்டு குடும்பங்கள். அவர்களில் ஒருவர் பொய் சொல்கிறார், சில நேரம் இருவருமே. ‘அந்த நாள்’ மாதிரி ஆளுக்கொரு கதை சொல்ல வைக்க இதைவிட நல்ல அறை கிடைக்காது.

எண்பதுகளில் செய்தித்தாள் படித்தவர்களுக்கு ஒரு தலைப்பு மறக்காது: ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி. பம்ப் ஸ்டவ் எல்லார் வீட்டிலும் இருந்தது. மாமியாரும் அதில்தான் காப்பி போட்டார், நாத்தனாரும் அதில்தான் தோசை வார்த்தார். வெடித்தபோதெல்லாம் பக்கத்தில் நின்றது மருமகள். கீஸ் மாதிரி யாராவது அட்டவணையை ஒப்பிக்க வேண்டியிருந்தது. பெண்கள் அமைப்புகள் தெருவில் இறங்கி ஒப்பித்தன. 1986இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் வரதட்சணை மரணத்துக்கான 304பி பிரிவு சேர்ந்தது. இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 80ஆம் பிரிவு. விபத்து போலக் கொலையை ஜோடிப்பதுதான் நுவாரின் அடிப்படைத் தந்திரம். ‘டபுள் இன்டெம்னிட்டி’யில் அதற்கு ரயிலைத் தேடிப்போனார்கள். இங்கே சமையலறையைத் தாண்ட வேண்டியிருக்கவில்லை.

ஆர்.டி.ஓ.வைக் கதாநாயகனாக்கி எந்தத் தமிழ் நுவாரையும் நான் பார்த்ததில்லை. அவரை நேர்மையின் சிகரமாகவும் எழுத வேண்டாம். பெண்ணின் அப்பாவே நகையும் பணமும் திரும்பக் கிடைத்தால் போதும் என்று வாக்குமூலத்தை மாற்றிக்கொள்ளும் நாளில் அவருக்கு என்ன தோன்றும்? அங்கே நிறுத்துங்கள் கேமராவை. பேராசை மாப்பிள்ளை வீட்டில் மட்டும் குடியிருப்பதில்லை.

இரண்டாவது யோசனை, அரியலூர்க்காரர்களுக்கு. பழைய காலப் படம் எடுக்கத் தைரியம் இருந்தால்.

1956ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 17இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் அமலுக்கு வருகிறது. செப்டம்பர் 1இல் தனியார் ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளை எல்லாம் சேர்த்து எல்.ஐ.சி. உருவாகிறது. நவம்பர் 23 விடிவதற்கு முன், மருதையாற்றில் வெள்ளம் அரித்த பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்கிறது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். (அதே நவம்பர் 23இல்தான், 2007இல், அரியலூர் தனி மாவட்டமானது. 2001இல் ஒருமுறை தனிக்குடித்தனம் போய், மறு வருடமே பெரம்பலூரோடு சேர்ந்து, பிறகு மறுபடி பிரிந்த மாவட்டம். கல்யாணக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் உண்டா?)

இனி வருவது முழுக்கக் கற்பனை. கூட்டுக் குடும்பம், இரண்டு அண்ணன் தம்பி, பாகம் பிரியாத நிலம். அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. தம்பிக்குப் பழைய சட்டம் தெரியும்: அண்ணி விதவையானால் உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கலாம், அவளுக்குப் பிறகு நிலம் தன் பக்கம் திரும்பும். அண்ணனைக் கொன்றுவிடுகிறான். மழை, வெள்ளம், விடியலில் ரயில் விபத்துச் செய்தி. அண்ணன் முதல் நாள் ராத்திரி அந்த ரயிலில்தான் ஏறினார் என்று ஊரை நம்ப வைக்கிறான். அடையாளம் தெரியாத உடல்களுக்கு நடுவே இன்னொரு பெயர் சேர்கிறது. ஊர் அழுகிறது. எல்லாம் சரியாகப் போகிறது. அவனுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று. ஐந்து மாதத்துக்கு முன் வந்த சட்டத்தின் 14ஆம் பிரிவு, விதவையின் சொத்தை அவளுக்கே முழு உரிமையாக்கிவிட்டது. அவள் விற்கலாம், யாருக்கு வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். அதே சட்டத்தின் 25ஆம் பிரிவு, கொன்றவன் கொல்லப்பட்டவனின் சொத்தை அடைய முடியாது என்கிறது. கொலை செய்ததும் வீண், மாட்டிக்கொண்டால் இன்னும் வீண். அவனிடம் இதைச் சொல்ல வேண்டிய ஆள் யார்? டவுனில் வக்கீல் குமாஸ்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வரும் அண்ணியேதான். அண்ணன் அந்த ரயிலில் ஏறியிருக்க முடியாது என்று உள்ளுக்குள் தெரிந்தவளும் அவள் ஒருத்திதான். அது எப்படித் தெரியும் என்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன். மனைவிக்கு மட்டும் தெரிந்த சின்ன விஷயமாக இருக்கட்டும். விபத்தில் ஆளைப் பறிகொடுத்த குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. ரயில் கவிழ்வதைக் காட்ட வேண்டாம், காட்டப் பணமும் இருக்காது. ஆற்றின் சத்தம் போதும்.

பேராசைக்குக் காரணம் தேடி நீங்கள் தூரமாகப் போக வேண்டியதில்லை. ஜெயங்கொண்டம் பக்கம் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்காகத் தொண்ணூறுகளில் நிலம் எடுத்தார்கள். திட்டம் வரவில்லை, இழப்பீட்டு வழக்கு வந்தது. கால் நூற்றாண்டு கழித்து நிலத்தைத் திருப்பித் தர அரசே முடிவெடுத்தது. இழப்பீட்டுப் பணத்தில் யார் பங்கு எவ்வளவு என்று எத்தனை வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோயிருக்கும்! லெப்பைக்குடிக்காட்டில், வளைகுடாவில் இருந்து வரும் பணத்தில் எழும்பிய வீடுகளில் யாருடைய பெயரில் பத்திரம் என்ற கேள்வி இருக்கிறது. செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் விலை ஏறின வருடத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கு வண்டி ஆசை வருகிறது. முந்திரித் தோப்பு, அடகுக்கடை, குழுக் கடன். கதைக்கு வேண்டியதெல்லாம் சார்பதிவாளர் அலுவலக வாசலில் இருக்கிறது; அங்கே அரை நாள் சும்மா உட்கார்ந்து பாருங்கள்.

வெளிச்சம் பற்றி ஒரு வார்த்தை. நுவார் என்றதும் நீலச் சாயம் பூசி இருட்டில் எடுக்கிறீர்கள். காரை பக்கத்துப் பாழ்நிலத்தில் நடுப்பகல் வெயிலில் நின்று பாருங்கள். ஒரு காலத்தில் கடலாக இருந்த மண், வெளுத்துக் கிழிந்து கிடக்கிறது. காலடியில் கடல் உயிரிகளின் கல்லாகிப்போன ஓடுகள். ஒளிந்துகொள்ள ஒரு மர நிழல்கூட இல்லாத இடத்தில் இரண்டு பேர் ஒரு கொலையைப் பேசினால் அது இருட்டைவிடப் பயமாக இருக்கும். ராத்திரிதான் வேண்டுமென்றால் சிமென்ட் ஆலை விளக்குகள் இருக்கின்றன. லாரிப் புழுதி மேலே எழும்பி அந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்ளும், புகை போடும் இயந்திரம் வாடகைக்கு எடுக்க வேண்டாம். கைவிட்ட சுண்ணாம்புக்கல் பள்ளங்களில் பச்சைத் தண்ணீர் நிற்கிறது. அங்கே மட்டும் உள்ளூர் ஆள் துணையில்லாமல் இறங்காதீர்கள். ஆழம் பார்த்தால் தெரியாது.

பின்னணி இசையைக் குறையுங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? வீணை வித்வான் ஒருவரே பாட்டு வேண்டாம் என்று படமெடுத்த மொழி இது.

படம் முடிந்ததும் எனக்கும் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் பக்கத்து ஊர்க்காரன்

பின்குறிப்பு: சிறுவாச்சூரில் காட்சி வைக்கிறவர்கள் கவனிக்க. சன்னதி திறப்பது வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான். அந்த நாட்களில் கூட்டத்துக்கு நடுவே கேமராவை நிறுத்த முடியாது. முன்கூட்டியே கோயில் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிவிடுங்கள். மாவிளக்கு ஏற்றும் பெண்களை எடுப்பதென்றால் அவர்களிடமும் கேளுங்கள்.